ஒரு பாஸ்பேட் செய்யும் வேறுபாடு

ஒரு சேர்மத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து வேறொரு மூலக்கூறுக்கு மாற்றும் நொதிகள் டிஹைட்ரோஜினேஸ்கள் எனப்படுகின்றன. பன்னாட்டு நொதி ஆணையம் 1961இல் வெளியிட்ட எண்முறையில் இவை முதல் வகுப்பைச் சேர்ந்தவை. இரண்டாம் எண் ஹைட்ரஜனைத் தருவது ஆல்கஹாலா ஆல்டிஹைடா என்பதையும், மூன்றாம் எண் அதைப் பெறுவது எது என்பதையும் குறிக்கும். இதன்படி ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் 1.1.1.1 என்றும், குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ், சுருக்கமாக ஜி6பிடி, 1.1.1.49 என்றும் எண் பெறுகின்றன. முன்னது பயன்படுத்தும் துணைக்காரணி, அதாவது ஹைட்ரஜனைப் பெறும் மூலக்கூறு, என்.ஏ.டி.; பின்னது பயன்படுத்துவது என்.ஏ.டி.பி. இத்துணைக்காரணிகள் இரண்டும் ஒரு பாஸ்பேட் தொகுதியால் மட்டுமே வேறுபடுவதால் எண்முறை அவற்றைப் பிரிக்கவில்லை. வேதியியலுக்கு இது பொருந்தலாம். உடலுக்குப் பொருந்தாது என்பதற்கு மும்பையிலேயே சான்றுகள் உண்டு.

என்.ஏ.டி. பெரும்பாலும் உணவுப் பொருள்களைச் சிதைத்து ஆற்றல் பெறும் பாதைகளில் இயங்குகிறது. மலாடு மால்வணியில் 2015 ஜூனில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, அந்தப் பாதையே நஞ்சை உருவாக்கியது எனலாம். கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்க, மற்றொரு டிஹைட்ரோஜினேஸ் அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது; பார்வை நரம்பைச் சிதைப்பது அந்த அமிலமே. ஆகவே முறிவு மருந்தான ஃபோமெபிசோல் மெத்தனாலைத் தொடுவதில்லை, நொதியைத்தான் தடுக்கிறது.

என்.ஏ.டி.பி.யின் பணி பெரும்பாலும் ஆக்கமும் காப்பும் ஆகும். மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணு, ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து தன்னைக் காக்கும் குளுட்டாதையோனைப் புதுப்பிக்க, ஜி6பிடி என்.ஏ.டி.பி.யில் ஹைட்ரஜனேற்றித் தரும் என்.ஏ.டி.பி.ஹெச்.சையே நம்பியுள்ளது. இந்நொதி குறைந்தவர்களுக்கு, விவாக்ஸ் மலேரியா கல்லீரலில் ஒளிந்திருந்து திரும்பாமல் தடுக்கும் பிரைமாகுயின் மாத்திரையே சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். மழைக்காலத்தில் தாராவி போன்ற நெருக்கமான பகுதிகளில் காய்ச்சலுக்கு மருந்தெழுதும் மருத்துவர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது. பம்பாய் மக்களிடம் இக்குறைபாட்டைப் பற்றிய ஆய்வுக் குறிப்பு 1961இலேயே வெளிவந்தது. பார்சிகளிடம் இது மிகுதி. பின்னர் அறியப்பட்ட ஒரு வகைக்குக் 'கல்யாண்-கேரளா' என்றே பெயர். அதில் புரதத்தின் 317ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் அமைந்திருக்கிறது.

குறைபாட்டைக் கண்டறியும் எளிய சோதனையும் துணைக்காரணியையே சார்ந்தது. என்.ஏ.டி.பி.ஹெச். புற ஊதா ஒளியில் ஒளிரும், என்.ஏ.டி.பி. ஒளிராது, எனவே என்.ஏ.டி.பி. கலந்து தாளில் இட்ட குருதித் துளி மங்கியே கிடந்தால் நொதி போதவில்லை என்று பொருள். ஆயினும் இந்நொதியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரு குரோமோசோமில் மட்டும் குறையுள்ள பெண்களின் துளி ஓரளவு ஒளிர்ந்து ஏமாற்றக்கூடும். அவர்களுக்கு நொதியின் செயல்திறனை அளந்தே அறிய வேண்டும். குறைபாடு உறுதியானவர்களுக்கு 14 நாள் தினசரி மருந்துக்குப் பதிலாக, மருத்துவக் கண்காணிப்பில் வாரம் ஒருமுறையாக 8 வாரங்கள் பிரைமாகுயின் தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.