கரீபியனா, அந்தமானா? ஸ்கூபா டிரிப்புக்கு அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



போன மாசம் ஊருக்கு, அரவேணுவுக்குப் போயிருந்தேன். என் சித்தி பையன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து உட்கார்ந்தான். கோவையில ஐடி வேலை, கைக்கு மாசம் 50,000 வருது. "அண்ணா, ஒரு தடவையாவது கடலுக்கு அடியில போய்ப் பார்க்கணும். போனேர், கொசுமெல், கேமன் தீவு, இந்த மூணுல எது நமக்குக் கட்டுப்படியாகும்னு சொல்லுங்க"ன்னான்.

மூணுமே கரீபியன் கடல்ல இருக்கு. செலவைப் பர்சனல் லோன் போட்டுச் சமாளிக்கிறதா திட்டம். "அது ஒத்துவரலைன்னா இது"ன்னு ஒரு டிராவல் ஏஜென்ட் கொடுத்த அந்தமான் திட்டத்தையும் காட்டினான். விலையைப் பார்த்தா பரவாயில்லைன்னுதான் தோணுச்சு. ஆனா கடைசி நாள் வரியைப் படிச்சதும் பகீர்னு ஆச்சு. காலையில ரெண்டு டைவ், மதியம் ஃப்ளைட், ராத்திரி அரவேணு வீட்டுல சாப்பாடு!

அது ஏன் தப்புன்னு கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன். முதல்ல பணக் கணக்கு.

பேக்கேஜ் விலையைப் பார்க்காதீங்க, ஒரு டைவ் விலையைப் பாருங்க

ஸ்கூபா டிரிப்ல நாம வாங்குற பொருள் டைவ்தான். அதனால மொத்தச் செலவை டைவ் எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. கீழே இருக்கிற எண்கள் நான் உத்தேசமா எடுத்துக்கிட்டவை. நீங்க போற தேதிக்கு விலை கேட்டு, உங்க எண்களைப் போட்டுக்கோங்க.

அந்தமான், 6 டைவ்:
- கோவை–சென்னை–போர்ட் பிளேர் போக வர: 22,000
- ஹேவ்லாக் தீவுக்குப் படகு: 4,000
- 5 ராத்திரி தங்க: 12,500
- சாப்பாடு: 6,000
- ஓபன் வாட்டர் கோர்ஸ் (4 டைவ் அதுலயே அடக்கம்): 30,000
- கூடுதலா 2 டைவ்: 7,000
- இன்சூரன்ஸ்: 2,500
- மொத்தம்: 84,000. ஒரு டைவுக்கு 14,000 ரூபாய்.

போனேர், 10 டைவ்:
- விமான டிக்கெட்: 1,40,000
- 7 ராத்திரி தங்க: 63,000
- சாப்பாடு: 25,000
- டைவ்: 50,000
- விசா வகையறா: 15,000
- இன்சூரன்ஸ்: 7,000
- மொத்தம்: 3,00,000. ஒரு டைவுக்கு 30,000 ரூபாய்.

இதுல கவனிக்க வேண்டியது டைவுக்கான கட்டணம் இல்ல, டிக்கெட். கரீபியன் செலவுல பாதிக்குக் கிட்ட விமானமே சாப்பிட்டுடுது. இந்தியாவுல இருந்து அங்க நேரடி ஃப்ளைட் கிடையாது. ஐரோப்பா வழியாவோ அமெரிக்கா வழியாவோ மாறித்தான் போகணும். போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள் பயணத்துலயே போயிடும்.

லீவுக்கும் விலை உண்டு. 50,000 சம்பளத்தை 22 வேலை நாளால வகுத்தா ஒரு நாள் மதிப்பு சுமார் 2,270. அந்தமானுக்கு 5 நாள் லீவ் போதும். கரீபியனுக்கு 9, 10 நாள் வேணும். மேனேஜர் கொடுப்பாரான்னு முதல்ல கேட்டுக்கோங்க.

அப்போ கரீபியன் வேண்டாமா?

வேணும். வரிசையை மட்டும் மாத்துங்க.

முதல் தடவை கடல்ல இறங்குறவங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சான்றிதழ் இல்லாம பயிற்றுநர் கூடவே இறங்குற ட்ரை டைவ். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். இன்னொண்ணு, ஓபன் வாட்டர் கோர்ஸ். தியரியை வீட்டுல ஆன்லைன்லயே படிச்சுட்டுப் போனா, மூணு நாலு நாள்ல முடிக்கலாம். 18 மீட்டர் வரை போக அனுமதி. அந்தச் சான்றிதழ் காலாவதியாகாது, உலகம் பூரா செல்லும். ரொம்ப நாள் இடைவெளி விட்டா ஒரு ரெஃப்ரெஷர் வகுப்பு எடுத்துக்கிட்டா போதும்.

அதனால பக்கத்துல கத்துக்கிட்டு, பின்னாடி தூரமா போங்க. மூணு லட்சம் செலவு பண்ணி போனேர் போய் அங்க உட்கார்ந்து மாஸ்க்ல தண்ணி எடுக்கக் கத்துக்கிறது லாபமில்லாத வேலை. போனேரோட சிறப்பே, கரையில இருந்தே நடந்து இறங்கி நாமளே டைவ் பண்றதுதான். அந்த ருசி கத்துக்கிட்டவங்களுக்குத்தான். ஒரு தகவல்: கரீபியன்ல ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீசன். போனேர், குராசோ, அருபா மூணும் தெற்கே தள்ளி இருக்கிறதால பெரும்பாலும் தப்பிச்சுடும்.

பக்கத்துல என்னென்ன இருக்கு?

*புதுச்சேரி:* நம்ம ஆளுங்களுக்கு வார இறுதியில போய் வரக்கூடிய இடம். தண்ணி தெளிவு நாளுக்கு நாள் மாறும். "இது எனக்குப் பிடிக்குமா"ன்னு பார்க்க ஏத்தது.

*நேத்ராணி:* கர்நாடகாவுல முருடேஸ்வர் கரையில இருந்து படகுல போற தீவு. மழைக்காலத்துல மூடிடுவாங்க.

*அந்தமான்:* ஹேவ்லாக் (இப்போ ஸ்வராஜ் தீவு), நீல் (ஷஹீத் தீவு). இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம், ரூபாய்லயே முடியும். அக்டோபர்ல இருந்து மே வரை போகலாம்.

*லட்சத்தீவு:* கொச்சியில இருந்து விமானம் அல்லது கப்பல். பவளப்பாறை அருமை. ஆனா நுழைவு அனுமதி கட்டாயம், தங்குற இடமும் குறைவு. அனுமதி கைக்கு வராம ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் போடாதீங்க.

*இலங்கை:* திருகோணமலை, நிலாவெளி பக்கம் மே முதல் செப்டம்பர் வரை. ஹிக்கடுவ பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஒரு பக்கம் கடல் கொந்தளிச்சா மறுபக்கம் அமைதியா இருக்கும். மட்டக்களப்பு பக்கம் 1942 ஏப்ரல் 9 அன்னைக்கு ஜப்பான் விமானங்கள் மூழ்கடிச்ச ஹெர்மிஸ் கப்பல் கிடக்கு. ஆனா அது 50 மீட்டருக்கும் கீழே. புதுசா கத்துக்கிட்டவங்களுக்கு அது இல்ல.

*மாலத்தீவு:* ரிசார்ட் வேண்டாம், மக்கள் வாழுற தீவுகள்ல கெஸ்ட் ஹவுஸ் எடுத்தா செலவு பாதிக்கு மேல குறையும். ஆனா வரிகளைப் பாருங்க. 2025 ஜனவரியில இருந்து பசுமை வரி, சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 டாலர், ரிசார்ட்ல 12 டாலர். 2025 ஜூலையில இருந்து சுற்றுலா ஜிஎஸ்டி 17%. கிளம்பும்போது எகானமி வகுப்புக்கு 50 டாலர் புறப்பாட்டு வரி. இது பெரும்பாலும் டிக்கெட்லயே சேர்ந்திருக்கும். விளம்பர விலையில இதெல்லாம் சேர்ந்திருக்கான்னு எழுத்துல கேளுங்க.

வரி விஷயம், இது என் ஏரியா

1. *டிசிஎஸ்:* வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. 2025-26 நிதியாண்டுல 10 லட்சம் வரை அது 5% ஆ இருந்துச்சு. அந்தக் கணக்குல 80,000 ரூபாய் பேக்கேஜுக்கு 4,000. இது செலவு இல்ல, உங்க பேர்ல முன்கூட்டியே கட்டின வரி. அது உங்க வரிக் கணக்குல வந்திருக்கான்னு பார்த்து ஐடிஆர்ல கிளெய்ம் பண்ணுங்க. அதுவரை காத்திருக்க முடியாதுன்னா, அதுக்கான படிவத்தை ஆபீஸ்ல கொடுத்தா, சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்ஸை அந்த அளவுக்குக் குறைச்சுப்பாங்க. டிக்கெட்டை மட்டும் தனியா வாங்கினா அது பேக்கேஜ் ஆகாது. அந்தமான், லட்சத்தீவுக்கு டிசிஎஸ்ஸே கிடையாது.

2. *எல்டிஏ:* பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும். இந்தியாவுக்குள்ள போற டிக்கெட் செலவுக்குத்தான் விலக்கு. ஓட்டல், சாப்பாடு, டைவ் எதுவும் சேராது. நாலு வருஷத் தொகுதியில ரெண்டு பயணம். 2022 முதல் 2025 வரை ஒரு தொகுதியா இருந்துச்சு. புது வரி முறைன்னா இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க.

3. *கார்டு:* வெளிநாட்டுல கார்டு தேய்ச்சா பல கார்டுகள்ல 2 முதல் 3.5% வரை மார்க்அப், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. கடைக்காரர் "ரூபாய்ல போடவா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. அந்த மாற்று விகிதம் இன்னும் மோசமா இருக்கும்.

4. *இன்சூரன்ஸ்:* ஹெல்த் பாலிசியில எக்ஸ்குளூஷன் 09-ஐ எடுத்துப் படிங்க. ஸ்கூபா பேரே அதுல இருக்கும். தொழில்முறையா ஈடுபடுறவங்களுக்குத்தான் அந்த விலக்குன்னு வாசகம் சொல்லும். ஆனா விபத்து பாலிசி, வெளிநாட்டு டிராவல் பாலிசி பலதுல சாகச விளையாட்டுக்கே கவர் இருக்காது. நான் முதல் தடவை போனப்போ ஒரு டிராவல் பாலிசி எடுத்துட்டு நிம்மதியா இருந்தேன். திரும்பி வந்த அப்புறம்தான் ஸ்கூபா விலக்குப் பட்டியல்ல இருந்ததைப் பார்த்தேன். எல்லார் பாலிசியையும் படிச்சுச் சொல்ற ஆளு, சொந்தப் பாலிசியைப் படிக்கல. நீங்க அப்படி இருக்காதீங்க.

இப்போ அந்தக் கடைசி நாள்

ஆழத்துல மூச்சு விடும்போது, அழுத்தத்தால நைட்ரஜன் வாயு உடம்புத் திசுக்கள்ல கரையும். மேல வந்த அப்புறமும் அது மெதுவாத்தான் வெளியேறும். அதுக்குள்ள காத்தழுத்தம் குறைவான இடத்துக்குப் போனா, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியா மாறலாம். மூட்டு வலி, மரத்துப்போறது, மோசமானா பக்கவாதம் வரைக்கும் போகும். டிகம்ப்ரெஷன் நோய்ன்னு பேரு.

அதனால டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்போட வழிகாட்டல் இது: ஒரே ஒரு டைவ்னா விமானத்துக்கு முன்னாடி குறைஞ்சது 12 மணி நேரம். ஒரே நாள்ல பல டைவ், இல்ல பல நாள் டைவ்னா குறைஞ்சது 18 மணி நேரம். இது 610 மீட்டர்ல இருந்து 2,438 மீட்டர் வரையிலான கேபின் உயரத்துக்குப் போட்ட கணக்கு.

நம்ம ஊர்க்காரங்க இங்கதான் நிமிர்ந்து உட்காரணும். கோத்தகிரி உயரம் சுமார் 1,793 மீட்டர். அதாவது நம்ம வீட்டுத் திண்ணையே அந்தக் கணக்குக்குள்ள வருது! விமானமே ஏறாம புதுச்சேரியில டைவ் பண்ணிட்டு, ராத்திரி பஸ் பிடிச்சு மேட்டுப்பாளையம் வந்து மலை ஏறினாலும் அதே ஆபத்துதான். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு ஆளுங்களுக்கும் இதே விதி. பெங்களூர்ல வேலை பார்க்கிறவங்களே, உங்க ஊரும் 900 மீட்டருக்கு மேல. நேத்ராணியில டைவ் முடிச்சு அன்னைக்கு ராத்திரியே மலைப்பாதை ஏறுற பிளான் வேண்டாம்.

ஏஜென்ட் அந்த ஒரு நாளைக் குறைச்சதால தம்பிக்கு என்ன மிச்சம்? ஒரு நாள் லீவ் 2,270, ஒரு ராத்திரி வாடகை 2,500. சுமார் 4,800 ரூபாய். இந்தப் பணத்துக்காக உடம்பைப் பணயம் வைக்கணுமா?

நாங்க மாத்தி எழுதின திட்டம்: அஞ்சாவது நாள் மதியத்தோட டைவ் முடியுது. ஆறாவது நாள் படகுல போர்ட் பிளேர் வந்து செல்லுலார் ஜெயில் பார்க்கிறது. ஏழாவது நாள் காலையில ஃப்ளைட். 40 மணி நேரம் கிட்ட இடைவெளி. புதுச்சேரின்னா சனிக்கிழமை காலையில டைவ், ஞாயிறு பூரா ஊர் சுத்தல், ராத்திரி பஸ்.

இன்னொண்ணு. சளி பிடிச்சிருந்தா காதுல அழுத்தத்தைச் சமன் பண்ண முடியாது, இறக்க மாட்டாங்க. மலைக் குளிர்ல இருந்து கிளம்புறவங்க, டைவ் ரத்தானா பணம் திரும்புமா, தேதி மாத்தலாமான்னு அட்வான்ஸ் கட்டும்போதே கேட்டு வைங்க. ஆஸ்துமா, இதயப் பிரச்சினை இருந்தா டாக்டர் சான்றிதழும் முன்கூட்டியே.

பணம் எங்கிருந்து?

லோன் வேண்டாம். நோ காஸ்ட் இஎம்ஐயும் முழு இலவசம் இல்ல. ப்ராசசிங் ஃபீ, வட்டி மேல ஜிஎஸ்டின்னு வரும். 84,000-ஐ 12 மாசத்தால வகுத்தா மாசம் 7,000. சம்பளம் விழுந்த மறுநாளே ஒரு ஆர்டியில போட்டுடுங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க.

தம்பி இந்த மாசம் முதல் ஆர்டி போட்டுட்டான். போனேர் படத்தை லேப்டாப்ல இருந்து எடுக்கல. எடுக்கவும் வேண்டாம். கையில சான்றிதழும் அக்கவுண்ட்ல காசும் சேர்ந்த அப்புறம் போகட்டும்.

உங்க டிரிப் திட்டத்தை இன்னைக்கே எடுத்து, கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் (இல்ல மலைக்கும்) நடுவுல எத்தனை மணி நேரம்னு எண்ணிப் பாருங்க. 18-க்குக் கீழ இருந்தா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி மாத்துங்க. அடுத்த வீடியோவுல, டிசிஎஸ்ஸை ஆபீஸ்ல தெரிவிக்கிற படிவத்தை எப்படி நிரப்புறதுன்னு பார்க்கலாம்.