வாடைக் காலத்தில் ராமேசுவரம் போகலாமா?

கொல்லிமலை பெரக்கரை நாட்டுக்காரருக்கு மழை புதிதல்ல. மலையில் பெய்த தண்ணீர் ஓடையாகி, ஐயாறாகி, ஆகாய கங்கையில் முந்நூறு அடி குதித்துக் கீழ்நாட்டுக்குப் போய்விடும். அவரே ஐப்பசி, கார்த்திகையில் ராமேசுவரம் யாத்திரை புறப்பட்டால், வேறொரு மழையைப் பார்ப்பார். அது தீவு மழை. நாலு பக்கமும் கடல்!

மழைக் காலத்தில் அங்கே போகலாமா என்று கேட்பவர்கள் பலர். போகலாம். ஆனால் காற்றைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

ராமேசுவரத்துக்குத் தென்மேற்குப் பருவம் பேருக்குத்தான். ஆனி, ஆடியில் காற்று வீசும், மணல் பறக்கும், மழை அபூர்வம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதே தீவின் மழை. பெய்தால் அப்படியொரு பெய்தல்! 2024 நவம்பர் 20-ந் தேதி ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது.

தீவுக்கு வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் முன்னதைப் பெண் கடல் என்றும், பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். வாடைக் காற்று தொடங்கிவிட்டால், சாதுவான பெண் கடல்தான் சீறும். ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். தென்காற்று மாதங்களில் கதை தலைகீழ். தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பவர்கள் இதற்கேற்பக் கரை மாறுகிறார்கள். காரில் வந்து இறங்கும் நம்மவர்களோ, எந்தக் கடல் என்றும் பாராமல் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்!

வாடைக் காலத்துக் கடல் என்ன செய்யும் என்பதற்கு 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவே சாட்சி. நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரெயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது ராட்சத அலையில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ரெயில் நிலையம், தபால் ஆபீஸ், மாதா கோவில் எல்லாம் இடிந்தன. இலங்கைக்குக் கப்பல் ஏறும் ஊர், ஒரே இரவில் இல்லாமல் போயிற்று. மக்கள் வாழத் தகாத இடம் என்று அரசாங்கம் அதை அறிவித்தது. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. அவற்றைத் தேடியெடுத்து, 46 நாளில் பாலத்தை மீட்டுக் கொடுத்தவர் இ.ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயர். பின்னாளில் டெல்லி மெட்ரோவை நடத்திக் காட்டியவரும் அவரே.

இப்போது பஸ்ஸுக்கு 1988-ல் திறந்த சாலைப் பாலம் உண்டு. ரெயிலுக்கு 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறந்த புதுப் பாலம் உண்டு. இருந்தாலும் காற்று வலுத்தால் ரெயிலை நிறுத்தி வைப்பார்கள். ஆகவே, மறுநாள் காலையே வேலைக்குத் திரும்பும்படி டிக்கெட் எடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏறியிருக்கிறது என்று விசாரியுங்கள். 1-ம் எண் என்றால் புயல் எங்கோ தூரத்தில். 10 என்றால் பெரிய அபாயம். தனுஷ்கோடி பக்கமே தலைவைக்கக் கூடாது.

நனைவதற்கு அஞ்சுவோர் ஒன்றை நினைக்கலாம். கோவிலின் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்ட பிறகு, மழை வந்து புதிதாக என்ன நனைக்கப் போகிறது?

இந்த மழையில்தான் தீவின் உயிரும் இருக்கிறது. தனுஷ்கோடியில் இன்றும் குடிசை போட்டு மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. இருபுறமும் உப்புக் கடல் இருக்க, நடுவே மணலில் கையளவு ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கிறது! மாயமில்லை. மணலில் இறங்கிய மழைநீர் லேசானது. கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புக் கரிக்கும். மழை பொய்த்தாலும் அப்படியே. யாத்ரீகர் முகஞ்சுளிக்கும் மழைதான், அங்குள்ள மீனவப் பெண்ணின் குடத்துக்கு வருகிறது.

மழை ஓய்ந்து தை பிறக்கையில் பூநாரைக் கூட்டம் தனுஷ்கோடிச் சேற்றில் வந்து நிற்கும். குடை பிடிக்க மனமில்லாதவர்கள் அப்போது போகலாம்.