ஜாவால ஜெனரிக் அர்ரே: கம்பைலர் ஏன் விடமாட்டேங்குது?

கிரிட்னு ஒரு கிளாஸ் எழுதுறீங்க. செஸ் காயோ தியேட்டர் சீட்டோ, எந்த டைப்பும் உள்ள உட்காரணும். டைப்புக்கு ‘டி’ன்னு பேர் வச்சு, ரெண்டு டைமென்ஷன்ல ‘நியூ டி’ன்னு கேட்டா ஜாவா கம்பைலர் நேரா மறுத்துடும்.

அர்ரே ஜாவா பொறந்ததுலேர்ந்தே இருக்கு. தனக்குள்ள என்ன டைப்புன்னு ரன்டைம்லயும் ஞாபகம் வச்சிருக்கும். ஜெனரிக்ஸ் 2004-ல, ஜாவா 5-லதான் வந்துச்சு. பழைய கோட் உடையக்கூடாதுன்னு, கம்பைல் ஆகும்போதே ‘டி’யை அழிச்சிடுறாங்க. அப்புறம் அர்ரே எதைத்தான் ஞாபகம் வச்சுக்கும்?

ஆப்ஜெக்ட் அர்ரே உருவாக்கி ‘டி’ அர்ரேன்னு காஸ்ட் பண்ணுனா வெறும் வார்னிங்தான். கிளாஸுக்குள்ளயே இருக்கிறவரைக்கும் ஓடும். அதையே வெளிய ரிட்டர்ன் பண்ணுங்க, வாங்குறவர் ஸ்ட்ரிங் அர்ரேன்னு எடுத்து வைக்கிற வரில கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன். தப்பு உங்க ஃபைல்ல, வெடிக்கிறது அவர் ஃபைல்ல. பாவம், ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் தன் கோடையே தேடிட்டிருப்பார்.

அர்ரேயாவே வெளிய கொடுத்தாகணும்னா, கன்ஸ்ட்ரக்டர்ல கிளாஸ் ஆப்ஜெக்டையும் வாங்கிக்கோங்க. ‘அர்ரே டாட் நியூஇன்ஸ்டன்ஸ்’கிட்ட அதோட ரெண்டு அளவையும் கொடுத்தா, சரியான டைப்புல அர்ரே வரும்.

எனக்குப் பிடிச்சது வேற வழி. பிரைவேட்டா ஒரே ஒரு நீளமான ஆப்ஜெக்ட் அர்ரே போதும். வரிசைக்கு 8 கட்டம்னா, 0-லேர்ந்து எண்ணி 2-ஆவது வரிசை 5-ஆவது கட்டம் எங்க? 2 × 8 + 5, அதாவது 21. காஸ்ட் ‘கெட்’ மெத்தடுக்குள்ள ஒரே ஒரு இடத்துல. அர்ரே வெளிய போகவே போகாது.