விஷமே விருந்து! ஆர்செனிக்கை அடக்கும் பாக்டீரியாக்கள் பற்றித் தெரியுமா?

வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை... சித்த வைத்தியர்கள் பயபக்தியோடு கையாளும் இந்தச் சரக்குகள் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும் நஞ்சு, ஆர்செனிக்! தண்ணீரில் கலந்துவிட்டால் நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவையும் கிடையாது. வருடக்கணக்கில் குடித்தால் தோலில் புள்ளிகள் விழும்; புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, ஒரே ஒரு கிராம் ஆர்செனிக் போதும், ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் அந்த எல்லையைத் தொட்டுவிடும்!

தங்கச் சுரங்கங்களிலிருந்தும் தாமிர உருக்காலைகளிலிருந்தும் இந்த நஞ்சு கழிவுநீரோடு வெளியேறுகிறது. அதைப் பிடித்து நிறுத்தக் கண்ணுக்கே தெரியாத ஒரு படை இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்!

மாட்டுக் குளியல் தொட்டியில் கிடைத்த அதிசயம் தெரியுமா?

தென்னாப்பிரிக்காவில் ஒரு காலத்தில் மாடுகளின் உண்ணியை ஒழிக்க, ஆர்செனிக் கரைத்த தொட்டியில் அவற்றை முக்கி எடுப்பார்கள். உண்ணி செத்தது. ஆனால் அதே தொட்டியில் பாக்டீரியாக்கள் ஜோராக வாழ்ந்துகொண்டிருந்தன! கிரீன் என்ற ஆய்வாளர் அவற்றைப் பிரித்தெடுத்து 1918-ல் உலகுக்குச் சொன்னார். நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கதை இது!

ஆர்செனிக்கிலிருந்தே ஆற்றல் எடுக்கும் உயிர் தெரியுமா?

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் ஒரு தங்கச் சுரங்கம். அங்கே கிடைத்த பாக்டீரியாவுக்கு ‘என்டி-26’ என்று பெயர். நாம் சோற்றிலிருந்து பெறும் ஆற்றலை இது ஆர்செனிக்கிலிருந்து பெறுகிறது! கூடவே ஆக்சிஜனும் கரியமில வாயுவும் இருந்தால் போதும், எட்டு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகப் பெருகிவிடும்.

நஞ்சைத் தேடி நீந்திப் போகும் பாக்டீரியாவும் உண்டு!

ஜெர்மனியில் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றின் சேற்றில் கிடைத்தது ‘ஹெர்மினிமோனாஸ் ஆர்செனிகாக்ஸிடன்ஸ்’. 2007-ல் இதன் மரபணுத் தொகுப்பைப் படித்து வெளியிட்டவர்கள் அசந்து போனார்கள். மற்ற உயிர்கள் ஆர்செனிக்கைக் கண்டால் ஒதுங்கும். இதுவோ, அது இருக்கும் திசையை மோப்பம் பிடித்து நீந்துகிறது! தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு பசையைச் சுரந்து, அதில் ஆர்செனிக்கை ஒட்டவைத்தும் கொள்கிறது.

சாகாமல் இருப்பது எப்படி?

பாஸ்பேட் போலவே தோற்றம் காட்டி ஏமாற்றி, செல்லுக்குள் நுழைந்துவிடும் ஆர்செனிக். உடனே பாக்டீரியாவின் சவ்வில் இருக்கும் புரதப் பம்புகள் வேலையைத் தொடங்கிவிடும். ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவது போல, உள்ளே வர வர வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்!

வெளியே தள்ளினால் தண்ணீர் எப்படிச் சுத்தமாகும் என்று கேட்கிறீர்களா? கலிபோர்னியா விஞ்ஞானிகளும் அதைத்தான் யோசித்தார்கள். ஆர்செனிக்கை இறுகப் பற்றும் ‘ஆர்ஸ்-ஆர்’ என்ற புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஏராளமாகச் சுரக்க வைத்தார்கள். 2004-ல் வெளியான அந்தச் சோதனையில், லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் கலந்திருந்த நீரிலிருந்து ஆர்செனிக் முழுவதையும் அந்தச் செல்கள் எடுத்துவிட்டன!

வடிகட்டியை ஏமாற்றும் ஆர்செனிக் தெரியுமா?

தண்ணீரில் ஆர்செனிக்குக்கு இரண்டு வேடங்கள்: ஆர்செனைட், ஆர்செனேட். இதில் ஆர்செனைட் பெரிய கில்லாடி. சாதாரண நீரில் அதற்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் வடிகட்டியில் சிக்காமல் நழுவிவிடும். நஞ்சும் அதற்கே அதிகம். குளோரின் போன்ற ரசாயனத்தைக் கொட்டித்தான் அதை ஆர்செனேட்டாக மாற்றுவார்கள். அந்த வேலையை என்டி-26 வகையறா பாக்டீரியாக்கள் ரசாயனமே இல்லாமல் செய்துமுடிக்கின்றன! மாறிய ஆர்செனேட், இரும்புத் துருவில் கப்பென்று ஒட்டிக்கொள்ளும். பிறகென்ன, துருவை வடித்தால் நஞ்சும் போச்சு!

தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் ஓடை!

பிரான்ஸின் தெற்கே கார்னூலெஸ் என்ற இடத்தில், 1962-ல் மூடிய ஈயச் சுரங்கம். அங்கே மலையாகக் குவிந்த 15 லட்சம் டன் கழிவின் அடியிலிருந்து அமிலமாகக் கசிகிறது ஓர் ஓடை. ஆர்செனிக் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கும் மேலே போவதுண்டு. குனிந்து பார்த்தால் ஓடையின் படுகை முழுக்கச் செம்மஞ்சள் படலம், அடுக்கடுக்காக! ஒரு கூட்டம் பாக்டீரியா இரும்பைத் துருவாக்க, இன்னொரு கூட்டம் ஆர்செனிக்கை மாற்ற, இரண்டும் சேர்ந்து கெட்டியாகப் படிந்ததுதான் அந்தப் படலம். மனிதர் யாரும் கட்டாத சுத்திகரிப்பு நிலையம்!

கரைந்த நஞ்சை மஞ்சள் துகளாக்கும் வித்தை தெரியுமா?

ஆக்சிஜனே இல்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், சல்பேட்டிலிருந்து அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடைத் தயாரிக்கும். அது ஆர்செனிக்கோடு சேர்ந்ததும், தெளிந்த நீரில் பளிச்சென்று மஞ்சள் துகள்கள் பிறக்கும். அதுதான் தாளகம்! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிச் சேற்றில் கிடைத்த ஒரு பாக்டீரியா, இந்தத் துகளைத் தன் உடலுக்கு உள்ளேயும் வெளியேயும் உருவாக்குவதாக 1997-ல் கண்டறிந்தார்கள்.

37 கிராமையும் தாங்கும்!

வங்கதேசத்தில் ஆர்செனிக் பாதித்த மண்ணிலிருந்து எடுத்த ‘லைசினிபாசில்லஸ்’ பாக்டீரியா ஒன்று, லிட்டருக்கு ஏறத்தாழ 37 கிராம் ஆர்செனிக் வரை தாக்குப்பிடிக்கிறது. குடிநீர் வரம்பைப் போல 37 லட்சம் மடங்கு! ஆய்வகத்தில் 120 மணி நேரத்தில், வளர்ப்புத் திரவத்திலிருந்த ஆர்செனிக்கை அது 50 சதவீதம் வரை குறைத்தது.

உறையும் குளிரிலும் ஓய்வில்லை!

கனடாவின் யெல்லோநைஃப் நகரை ஒட்டிய ஜெயன்ட் சுரங்கத்தில் தங்கம் எடுத்தது போக, பூமிக்கடியில் மிச்சம் கிடப்பது 2,37,000 டன் ஆர்செனிக் டிரையாக்ஸைடு! அந்தச் சுரங்கத்துக்குள்ளும் ஒரு பாக்டீரியா கிடைத்தது. 10 டிகிரிக்கும் குறைந்த குளிரிலேயே அது ஆர்செனைட்டை மாற்றிவிடுகிறது.

பாக்டீரியாவே வில்லனாவதும் தெரியுமா?

மேற்கு வங்க மண்ணை வைத்துச் செய்து 2004-ல் வெளியான ஆய்வு, மனதை உலுக்குகிறது. ஆக்சிஜன் இல்லாத ஈர மண்ணில் வேறு சில பாக்டீரியாக்கள் இரும்புத் துருவைப் பயன்படுத்தி வாழ்கின்றன. அப்போது, துருவில் ஒட்டியிருந்த ஆர்செனிக் மீண்டும் நிலத்தடி நீரில் இறங்கிவிடுகிறது. கங்கைச் சமவெளியின் குழாய்க் கிணறுகளில் நஞ்சு ஏறியதற்கு இது முக்கியமான காரணம்.

நஞ்சைக் கல்லாக்க முடியும்!

எந்த பாக்டீரியாவாலும் ஆர்செனிக்கை அழிக்க முடியாது. அது ஒரு தனிமம். இடம் மாறும், உரு மாறும், இல்லாமல் போகாது! அதனால்தான் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில், பாக்டீரியாவின் தூரத்துச் சொந்தமான ஓர் ஆர்க்கியாவை 80 டிகிரி சூட்டில், கடும் அமிலத்தில் வளர்த்து, ஆர்செனிக்கை ‘ஸ்கோரோடைட்’ என்ற கனிமமாகவே படியவைத்தார்கள். எளிதில் கரையாத படிகம் அது!

நுண்ணுயிர்கள் தங்கள் பங்கைச் செய்து, நஞ்சைப் பிடித்துக் கையில் கொடுத்துவிடுகின்றன. பிடித்த சகதியை வயலோரம் கொட்டினால், அடுத்த மழையிலேயே அத்தனை உழைப்பும் வீண். ஆகவே உங்கள் ஊரில் ஓர் ஆலை “எங்கள் கழிவுநீர் சுத்தம்” என்று சொன்னால், தயங்காமல் அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: “சரி, வடித்த சகதியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?”