தஞ்சைக் கீர்த்தனைக் கவிஞரும் தீராத சாதி வழக்கும்

மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கலாமா என்பதை ஆராய, 2022 அக்டோபரில் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்றை அமைத்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவ தலித்துகளை அப்பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. ‘கிறிஸ்தவத்தில் சாதி இல்லை’ என்ற வாதமே அதற்கு அரணாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்த வாதம் எவ்வளவு பொய்யானது என்பதற்கு, தமிழ்க் கிறிஸ்தவ இசையின் தலைமகனாகப் போற்றப்படும் வேதநாயகம் சாஸ்திரியாரின் வாழ்க்கையே சான்று.

1774 செப்டம்பர் 7 அன்று திருநெல்வேலியில், கிறிஸ்தவம் தழுவிய வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை தேவசகாயமும் புலவரே. 1785இல் திருநெல்வேலிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ், சிறுவனின் அறிவைக் கண்டு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் மாணவரே. தரங்கம்பாடியிலும் பயின்ற வேதநாயகம், 1794இல், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

அவரது புகழை நிலைநாட்டியது ‘பெத்லகேம் குறவஞ்சி’. குற்றாலக் குறவஞ்சியின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, குறத்தியை விசுவாசமாகவும் வலை விரிக்கும் சிங்கனை உபதேசியாராகவும் ஆக்கினார். சூரியனைப் பூமி சுற்றிவரும் புதிய வானியலும் உலகப் பூகோளமும் அதில் இடம்பெற்றன. ஐரோப்பியப் பாட்டின் மெட்டுக்குத் தமிழைத் திணித்துப் பாடிக்கொண்டிருந்த சபைகளுக்கு, இராகமும் தாளமும் கொண்ட கீர்த்தனையையும் கதாகாலட்சேபத்தையும் தந்தவர் அவர். மெத்தப் படித்தவர்களுக்காக மட்டும் அவர் பாடவில்லை. தெருவோரத்தில் நின்று கேட்பவனுக்கும் பிடிபடும் நடை அது.

நண்பரான மன்னர், பெரிய கோயில் இறைவன்மீது குறவஞ்சி பாடக் கேட்டபோது மறுத்துவிட்டார் என்று குடும்ப வரலாறு கூறுகிறது. அரசவைக்கு வளையாத இதே உறுதிதான் திருச்சபையோடு நடந்த மோதலிலும் வெளிப்பட்டது. ஆனால் அங்கே அவர் நின்ற பக்கம் வேறு.

சுவார்ட்ஸ் காலத்தில் வேளாளரும் பறையரும் ஒரே ஆலயத்தில் தனித்தனிப் பகுதிகளில் அமர்ந்தனர். நற்கருணையிலும் முன்பின் இருந்தது. 1820களில் வந்த புதிய மிஷனரிகள் இதை ஒழிக்க முற்பட்டனர். கூடவே பழக்கப்பட்ட பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினர். திருவிழாக்களில் பூ அலங்காரத்தையும் வழிபாட்டில் தமிழ் இசையையும் தடுத்தனர். சாஸ்திரியார் இந்த நான்கையும் ‘கொடுமைகள்’ என்று ஒரே பட்டியலில் எழுதினார். சாதி என்பது உலக மரியாதை, அதற்கும் வேதத்துக்கும் தொடர்பில்லை என்பது அவர் வாதம். 1829இல் மிஷன் பணியிலிருந்து நீக்கப்பட்டார். சரபோஜி அவரை அரசவைப் புலவராக ஏற்றுக்கொண்டார்.

இந்தப் பட்டியலை இன்று படிப்பவர் எளிதில் பக்கம் சேர முடியாது. தமிழ் இசைக்காகவும் தன் மக்களின் வழக்கத்துக்காகவும் அந்நிய அதிகாரத்தை எதிர்த்த குரல் அது. மூன்று குறைகளில் நியாயம் இருந்தது. நான்காவதில், பந்தியில் சமமாக அமர விரும்பிய பறையர்களின் உரிமையை அவர் வழிமறித்தார். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு, அவர் விட்டுச் சென்றதைப் போன்ற ஏட்டுச் சுவடிகள் இல்லை. சாஸ்திரியாரைப் போற்றும் விழா மேடைகள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் தாண்டிச் செல்வது வியப்புக்குரியதன்று.

1833இல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை உடனடியாகவும் முடிவாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் நூற்றுக்கணக்கான வேளாளக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டு விலகினர். மதுரையில் அமெரிக்க மிஷன் இன்னும் கடுமையாக நின்றது. 1847 முதல், எல்லாச் சாதியினருடனும் அமர்ந்து உணவு உண்பதையே அது சாதி துறந்ததற்கான சோதனையாக வைத்தது. உடன்படாத உபதேசியார்கள் பலர் வேலை இழந்தனர்.

அதே மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், 1853இல் தமிழ்க் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். சமபந்தியை வலியுறுத்திய அந்த மிஷன், அதை எதிர்த்தவரின் பாடல்களையே பெருமளவில் தன் சபைகளின் கையில் கொடுத்தது. வேளாளத் தெருவிலும் சேரியிலும் ஒரே பாட்டு ஒலித்தது. தன் வாழ்நாளிலேயே அதைக் காணும் வாய்ப்பு சாஸ்திரியாருக்குக் கிட்டியது. தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதாக அவர் எங்கும் எழுதவில்லை.

1864 ஜனவரி 24 அன்று, தமது 89ஆம் வயதில், அவர் காலமானார். மகள் ஞானதீபம் அம்மாளும் பாடல் இயற்றுபவராகத் திகழ்ந்தார். குடும்பத்தினர் காலட்சேப மரபைத் தலைமுறைகளாகத் தொடர்ந்தனர். 2007இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு பிணைக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. தமிழகத்தின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடச் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்ததைத் தலித் கிறிஸ்தவ இயக்கங்கள் தில்லி வரை எடுத்துச் சென்றுள்ளன. அந்த ஊர்களின் அடக்க ஆராதனைகளிலும் சுவரின் இருபுறமும் பாடப்படுபவை கீர்த்தனைகளே.