கேப்டன் பெயரில் ஒரு பிராது

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. கொடுத்த கடன் திரும்பவில்லை, பங்காளித் தகராறு தீரவில்லை, திருடு போன நகை கிடைக்கவில்லை என்று எந்தக் குறையானாலும் இந்த வட்டாரத்து மக்கள் அதை ஒரு தாளில் எழுதி முருகனிடம் பிராது கொடுப்பார்கள். சுவாமி முன் வைத்துப் பூசை செய்து, தாளைச் சுருட்டி நூல் சுற்றி, முனியப்பர் சன்னதியில் உள்ள வேலில் கட்டிவிட்டு வீடு திரும்புவார்கள். சாமியிடமே மனு எழுதிக் கொடுத்து நியாயம் கேட்டுப் பழகிய ஊர் இது. தான் கொண்டாடிய ஒரு மனிதரிடம் கணக்குக் கேட்கவும் இந்த ஊருக்கு உரிமை உண்டு. நடிகராகவும் தேமுதிக தலைவராகவும் இருந்த 'கேப்டன்' விஜயகாந்த் விஷயத்தில் அந்தக் கணக்கை யாரும் நிதானமாகப் பார்க்கவில்லை என்பது என் ஆதங்கம்.

2023 டிசம்பர் 28 காலை அவர் இறந்த செய்தி வந்தபோது தமிழ்நாடு அழுத அழுகையைப் பலரும் எதிர்பார்க்கவில்லை. கோயம்பேட்டில் கட்சித் தலைமையகத்தில் உடலை வைத்தார்கள். கூட்டம் தாங்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் தீவுத்திடலுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து மாலையில் ஊர்வலம் மறுபடி கோயம்பேடு திரும்பி, அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது. பதவியில் இல்லாதவர், பல ஆண்டுகளாக மேடையில் கோவையாகப் பேச முடியாமல் இருந்தவர், கட்சியின் வாக்கு வங்கி கரைந்துபோனவர். அப்படிப்பட்டவருக்கு வந்த கூட்டம் அது. லாரி பிடித்து அழைத்து வரப்பட்ட கூட்டமாக அது இல்லை.

அழுகையோடு சேர்ந்து கோபமும் வந்தது. அஞ்சலி செலுத்த வந்த நடிகர் விஜய்மீது கூட்டத்தில் யாரோ செருப்பு வீசினார்கள். வராத நடிகர்களின் பெயர்களைச் சொல்லித் திட்டினார்கள். உடம்பு முடியாமல் நாக்குக் குழறியபோது, 'குடித்துவிட்டுப் பேசுகிறார்' என்று கேலிப் படம் போட்டுப் பரப்பியவர்களே 'தங்கமான மனுஷன்' என்று எழுதினார்கள். உடனே எதிர்க்கேள்வியும் எழுந்தது: இவ்வளவு நல்லவர் என்றால் ஏன் ஓட்டுப் போடவில்லை? நல்ல மனிதர் என்பதற்காக ஒருவரை மாவீரன் என்று சொல்லிவிடலாமா? சட்டமன்றத்தில் நாக்கைத் துருத்தியவர், பத்திரிகையாளர்களைப் பார்த்துத் துப்பியவர், சொந்த வேட்பாளரையே பொது இடத்தில் தலையில் தட்டியவர் எப்படித் தலைவர்?

இந்த வாதத்தில் விருத்தாசலத்துக்குத் தனி இடம் உண்டு. அவரை முதன்முதலில் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இதுதான்.

2005 செப்டம்பர் 14-ல் மதுரையில் தேமுதிகவைத் தொடங்கினார். எட்டு மாதத்துக்குள் தேர்தல் வந்தது. மக்களோடும் தெய்வத்தோடும்தான் கூட்டணி என்று சொல்லி மாநிலம் முழுக்கத் தனியாக நின்றார். தனக்கென்று அவர் தேர்ந்தெடுத்த தொகுதி விருத்தாசலம். சொந்த ஊரான மதுரையில் நின்றிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். வன்னியர் பெரும்பான்மையாக வாழும் பகுதி இது, பாமகவின் கோட்டை. 2004-ல் 'கஜேந்திரா' படம் வந்தபோது அவருக்கும் பாமகவுக்கும் நேரடி மோதலே நடந்திருந்தது. தெற்கிலிருந்து வந்த, இந்த மண்ணின் பெரும்பான்மைச் சாதியில் பிறக்காத ஒருவர், சாதிக் கணக்கே தேர்தல் கணக்கு என்று எல்லோரும் நம்பிய இடத்தில் போய் நின்றார். 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் பாமகவை வென்றார். கட்சிக்கு மாநில அளவில் 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு கிடைத்தும் ஜெயித்தவர் அவர் ஒருவர்தான். அன்று விருத்தாசலத்து வாக்காளர் செய்த காரியத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன். தலைவரின் துணிச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த வாக்காளரின் துணிச்சலைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அவரும் ஊரை மறக்கவில்லை. அவர் இயக்கிய ஒரே படத்துக்கு 'விருதகிரி' என்று பெயர் வைத்தார். 2010 டிசம்பரில் வந்த அந்தப் படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் அதுவே. விருத்தகிரீசுவரர் கோயில் கொண்ட ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கச் சுவரொட்டியில் ஒட்டிவிட்டு, அடுத்த ஆண்டுத் தேர்தலில் ரிஷிவந்தியத்துக்குப் போய்விட்டார்.

இனி, அவர் இந்த ஊரின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஐந்து ஆண்டுக் கணக்கு. விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் ஜங்ஷன் நினைவுக்கு வரும், வியாபாரிகளுக்குப் பீங்கான். நெய்வேலியில் நிலக்கரி தோண்டும்போது கிடைத்த வெள்ளைக் களிமண்ணை நம்பி 1960-களில் இங்கே செராமிக் தொழிற்பேட்டை வந்தது. அந்தத் தொழிலைக் கற்றுத்தர அரசுக் கல்வி நிலையமும் வந்தது. பொம்மைக் கூடங்களில் வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கூழ் போலக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, உட்சுவரில் மண் ஏடாகப் படிகிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, சற்று இறுகியதும் அச்சைப் பிரிக்கிறார்கள். உள்ளே ஒரு பிள்ளையாரோ, தலையாட்டாத ஒரு செட்டியாரோ ஈரத்தோடு நிற்கும். இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடத்தில் உச்சி முதல் பாதம் வரை ஒரு கோடு துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சிறு கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் தடவி மறைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. கொஞ்சம் அழுத்தினால் மூக்கு போய்விடும். பிறகு காய்ச்சல், சூளை, வண்ணம்.

பொம்மையும் அகல்விளக்கும் மட்டும் இல்லை. வீட்டுக்கு வீடு மீட்டர் பலகையில் இருந்த வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கேரியரும் இந்த ஊர்த் தொழில்தான். எம்.சி.பி. சுவிட்ச் பரவிய பிறகு அதற்கான தேவை சுருங்கியது. இன்னொரு பக்கம் குஜராத்தின் மோர்பி, பெரிய ஆலைகளோடு பீங்கான் சந்தையைப் பிடித்துக்கொண்டது. இந்த இறங்குமுகத்தை ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஐந்து ஆண்டில் தடுத்திருக்க முடியாது. அதுவும் ஆளுங்கட்சியை எதிர்த்துத் தனியாளாக அவையில் உட்கார்ந்திருந்தவரால். ஆனாலும் விருத்தாசலத்தை விருத்தாசலமாக வைத்திருந்த தொழிலுக்காக அவர் உரக்க ஒரு சண்டை போட்டார் என்று யாரும் சொல்வதில்லை. போடத் தெரியாதவரும் இல்லை. நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலைநிகழ்ச்சி நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தவர் அவர். 2002 அக்டோபரில் காவிரிக்காகத் திரையுலகமே நெய்வேலிக்கு வந்து கர்நாடகத்துக்கு மின்சாரம் தராதே என்று குரல் கொடுத்தபோது முன்னால் நின்றவரும் அவரே. அந்த நெய்வேலியின் மண்ணை நம்பி வாழ்ந்த தொழிலாளிக்கு அந்த வேகத்தில் பாதி கிடைத்திருக்கலாம். ஊரின் பிராதில் முதல் வரி இதுதான்.

இரண்டாவது வரி 2011-க்குப் பிறகானது. அதிமுக கூட்டணியில் 29 இடம் வென்று எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். கட்சி தொடங்கி ஆறே ஆண்டில் இந்த இடம் கிடைப்பது சாதாரணமில்லை. 2012 பிப்ரவரி முதல் நாள், பால் விலை, பஸ் கட்டணம் பற்றிய விவாதம் கைகலப்பு அளவுக்குப் போனது. அவர் கோபத்தில் நாக்கைக் கடித்துக் கை நீட்டினார். பத்து நாள் இடைநீக்கம் கிடைத்தது. கேட்க வந்த கேள்வி நியாயமானது. ஆனால் ஊர் முழுக்க நாக்கைப் பற்றிப் பேசிற்று, பால் விலையை யாரும் பேசவில்லை. அதன்பின் அவைக்கு அவர் வந்ததே அரிது. அவரை நம்பிய லட்சக்கணக்கானவர்களின் குரல் அந்த நாற்காலியில் இருந்தது. அது காலியாகக் கிடந்ததை, அவர் நல்ல மனிதர் என்ற ஒரு காரணத்துக்காக மறக்கச் சொல்வது சரியில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், அன்று தீவுத்திடலில் அழுதவர்கள் ஏமாந்துபோனவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் எதற்காக அழுதார்கள் என்று கேட்டுப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேர் சொன்ன பதில் சோறு.

தியாகராய நகர் ராஜாபாதர் தெருவில் இருந்த அவருடைய அலுவலகத்தில் சினிமா வாய்ப்புத் தேடிச் சென்னை வந்த யாரும் போய்ச் சாப்பிடலாம். யார், எந்த ஊர், யார் சொல்லி வந்தாய் என்று கேட்பதில்லை. பிற்காலத்தில் பெயர் எடுத்த எத்தனையோ பேர் தங்கள் பசிக்காலத்தைச் சொல்லும்போது அந்தத் தெருவின் பெயரைச் சொல்கிறார்கள். படப்பிடிப்புத் தளத்தில் அவர் செய்தது இதைவிடப் பெரிய காரியம். அன்றைய வழக்கப்படி நாயகனுக்கு ஒரு சாப்பாடு, டெக்னீஷியனுக்கு ஒரு சாப்பாடு, லைட் தூக்குகிறவருக்கும் துணை நடிகருக்கும் வேறு ஒரு சாப்பாடு. தன் இலையில் விழும் கறி கடைசிப் பந்தியில் உட்காரும் லைட்மேனின் இலையிலும் விழ வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். சாதியும் பதவியும் பந்தியில்தான் முதலில் தெரியும் என்பது இந்த நாட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். எந்த வரிசையில் உட்காரச் சொன்னார்கள், எந்தப் பாத்திரத்திலிருந்து பரிமாறினார்கள் என்பதை ஒருவன் சாகும்வரை மறப்பதில்லை. அந்த இடத்தில் கை வைத்தவர் அவர். திரைப்படக் கல்லூரி மாணவர்களை நம்பி 1986-ல் 'ஊமை விழிகள்' படத்தில் நடித்ததும், தன் நூறாவது படமான 'கேப்டன் பிரபாகர'னை இளைஞரான ஆர்.கே.செல்வமணியிடம் ஒப்படைத்ததும் இதே மனம்தான்: வாசலில் நிற்பவனை உள்ளே கூப்பிடுவது.

வாக்கும் கண்ணீரும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். 2021-ல் இதே விருத்தாசலத்தில் அவர் மனைவி பிரேமலதா நின்றார். மூன்றாம் இடமே கிடைத்தது. மூன்று ஆண்டுக்குள் இதே ஊரில் கேப்டனுக்குக் கண்ணீர் அஞ்சலி. இதை நன்றிகெட்டதனம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது நியாயமாகவே தெரிகிறது. ஆட்சி நடத்தத் தகுந்தவர் யார் என்று கேட்டால் ஊர் ஒரு பதில் சொல்லும். எனக்குச் சோறு போட்டவர் யார் என்று கேட்டால் வேறு பதில் சொல்லும்.

ஒருவர் எந்தத் தகுதிக்கு உரியவர் என்பதை அரசாங்கம் தீர்மானிக்கப் பார்த்த கதை நமக்குத் தெரியும். 2018 ஆகஸ்டில் கருணாநிதி இறந்தபோது, முதல்வர் பதவியில் இருக்கும்போது இறந்தவர்களுக்குத்தான் மெரினாவில் இடம் என்று அரசுத் தரப்பில் வாதாடினார்கள். இரவோடு இரவாக உயர் நீதிமன்றம் விசாரித்து மறுநாள் காலை தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பதவி இருந்தால் கடற்கரை, இல்லாவிட்டால் வேறு இடம் என்பது அதிகாரிகளின் அளவுகோல். தமிழ்நாட்டின் பழைய அளவுகோல் வேறாக இருந்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவனுடைய நாய்க்கும் அதில் உருவம் இருக்கிறது. கோவிவன் என்று நாயின் பெயரும் பொறித்திருக்கிறது. நாட்டையே ஆண்ட மன்னனின் ஆட்சியாண்டைச் சொல்லித் தொடங்கும் கல்லில் ஒரு நாய்க்கு இடம் கொடுத்த ஊரார் அவர்கள். இன்னார், இந்த இடத்தில், இந்தக் காரியத்துக்காக விழுந்தார் என்பதோடு கல் நிறுத்திக்கொள்ளும். அவன் குறையே இல்லாதவன் என்று அது சொல்வதில்லை.

2020 ஏப்ரலில் நடந்ததையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கொரோனா தொற்றி இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலைச் சென்னையில் புதைக்க விடாமல் கூட்டம் மறித்தது. கல்லும் கட்டையும் கொண்டு ஆம்புலன்ஸைத் தாக்கினார்கள். சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தானே மண்வெட்டி பிடித்து வேலங்காடு இடுகாட்டில் குழியை மூடினார். நோயாளிகளுக்காக உயிரைக் கொடுத்தவருக்கு இந்த மாநகரம் தந்த இறுதி மரியாதை இது. மாநிலமே தலைகுனிந்த அந்த வாரத்தில், மாமண்டூர் அருகே உள்ள தன் ஆண்டாள் அழகர் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஒரு பகுதியை, கொரோனாவில் இறந்தவர்களை அடக்கம் செய்யத் தருகிறேன் என்று அறிவித்தார் விஜயகாந்த். அப்போது அவர் எந்தப் பதவியிலும் இல்லை. தேர்தலும் பக்கத்தில் இல்லை. எந்தப் பெரிய கட்சியும் ஒரு சென்ட் நிலத்தைக் காட்டாத நேரத்தில், தன் தாய் தகப்பன் பெயரில் இருந்த இடத்தைக் காட்டினார். ரசிகர்கள் சண்டைக்காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பகிர்கிறார்கள். இதை அபூர்வமாகவே சொல்கிறார்கள்.

2024 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள். அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் விருதுநகரில் அவர் மகன் சில ஆயிரம் வாக்குகளில் தோற்றார். கோயம்பேட்டு நினைவிடத்தில் வருகிறவர்களுக்கு அன்னதானம் நடக்கிறது. இறந்தவரின் குணத்தைப் புரிந்துகொண்டு செய்யும் நினைவேந்தல் என்று இவற்றில் அன்னதானத்தைத்தான் சொல்வேன். விருத்தாசலத்தில் யாராவது அவருக்குச் சிலை வைக்க முன்வந்தால் ஒரு வேண்டுகோள்: பீடத்தில் 2006 வெற்றியை எழுதுங்கள். அதற்குக் கீழே லைட்மேனின் இலையையும் மாமண்டூர் நிலத்தையும் எழுதுங்கள். செராமிக் தொழிற்பேட்டைக்குச் செய்யாமல் விட்டதை எழுத வேண்டாம். அதை அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள், அவர் எந்தக் கட்சியானாலும்.