பனிக்காலம் விட்டுச்சென்ற சிலந்திகள்

வைகாசி மாதக் கொல்கத்தாவில் காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் புழுக்கத்தின் நடுவே, நியூ அலிப்பூரில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில், குளிரைத் தவிர வேறொன்றும் அறியாமல் வாழ்ந்த சிலந்திகள் ஆல்கஹால் குப்பிகளுக்குள் உறங்குகின்றன. 1916 ஜூலை 1 அன்று தொடங்கிய நிறுவனம் இது. பின்னாளில் இதன் இயக்குநராக இருந்த பினய் கிருஷ்ண டிக்காதர், சிக்கிமின் சிலந்திகளைப் பற்றி 1970-இல் ஓர் ஆய்வே எழுதினார். இந்தியச் சிலந்திகளைப் படிக்க வருபவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாது.

சமவெளி நகரத்துக்கும் பனிமலைச் சிலந்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சியால்டாவில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் இமயத்தின் அடிவாரம். அங்கிருந்து மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த சிகரமான சந்தக்ஃபூ வரை ஏறினால் 3,636 மீட்டர். ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கொல்கத்தா வியர்த்துக்கொண்டிருக்கும் அதே நாளில் அங்கே கம்பளி தேவைப்படும். ஒரே மாநிலத்துக்குள் இரண்டு உலகங்கள்.

குளிரில் ஒரு சிலந்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எவரெஸ்ட்டே சாட்சி. 1924 பயணக் குழுவின் மருத்துவரும் இயற்கையியலாளருமான ஹிங்ஸ்டன், ஏறத்தாழ 6,700 மீட்டர் உயரத்தில் பாறை இடுக்குகளில் குட்டிக் குட்டியான தாவும் சிலந்திகளைக் கண்டார். புல் பூண்டு இல்லாத இடம். பிறகு எதைத் தின்று உயிர் வாழ்கின்றன? கீழேயிருந்து காற்று அள்ளிக்கொண்டு வரும் இலைத் துகள்களையும் மகரந்தத்தையும் நுண்பூச்சிகள் தின்கின்றன, அந்தப் பூச்சிகளைச் சிலந்தி பிடிக்கிறது. காற்றுதான் அங்கே சமையற்கட்டு. 1975-இல் அந்தச் சிலந்திக்கு ‘யூஆஃப்ரிஸ் ஆம்னிசூப்பர்ஸ்டெஸ்’ என்று பெயர் வைத்தார் சிலந்தி ஆய்வாளர் வான்லெஸ். எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது என்று பொருள்.

உச்சியில் வாழ்வது ஒரு வியப்பு என்றால், அங்கேயே சிக்கிக்கொள்வது இன்னொரு கதை. பூமி குளிர்ந்திருந்த பனிக்காலத்தில் குளிர்விரும்பிகள் தாழ்நிலங்களிலும் பரவின. வெப்பம் திரும்பியபோது, தாங்க முடியாமல் மேலே மேலே ஏறின. கடைசியில் ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவாகிவிட்டது. சுற்றிலும் கடலுக்குப் பதிலாக வெப்பம். நம் நீலகிரியில் இமயத்தின் சாயல் கொண்ட உயிர்கள் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று, இந்தியப் புவியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய பிளான்ஃபோர்டு 19-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். 1940-களில் சுந்தர்லால் ஹோரா, மலை ஓடை மீன்களை வைத்து, சாத்பூரா மலைத்தொடர் வழியே அவை தெற்கே வந்திருக்க வேண்டும் என்றார். அவரும் இந்த விலங்கியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். நீலகிரியைப் பற்றிய கேள்விக்குக் கொல்கத்தாவில் விடை தேடியிருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆனால் சாயலை மட்டும் நம்ப முடியாது. ஊட்டியில் செந்நிறமாகப் பூக்கும் காட்டுப்பூவரசு, இமயத்து ரோடோடெண்ட்ரானின் நெருங்கிய உறவு. நீலகிரி வரையாட்டையும் அப்படித்தான் இமய வரையாட்டின் தம்பி என்று நினைத்திருந்தார்கள். 2005-இல் மரபணுவைச் சோதித்தபோது, அது செம்மறியாட்டுக்கே நெருக்கமானது என்று தெரிந்தது. வரையாட்டுக்கே இப்படியென்றால், சோலைச் சருகுக்குள் மறைந்திருக்கும் சில மில்லிமீட்டர்ச் சிலந்தியின் பூர்வீகத்தைப் பற்றி வெறும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எப்படி?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் குளிர்விரும்பிகளைக் காப்பாற்றுவது மலை என்ற பெரிய உருவம் அல்ல, அதற்குள் இருக்கும் ஒரு சிறு மூலை. அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சிய மலைகளில் மைக்ரோஹெக்சுரா மொன்டிவாகா என்ற சிலந்தி வாழ்கிறது. மலைச் சிகரங்களை ஒட்டிய தேவதாரு வகைக் காடுகளில், நிழலான பாறைமேல் படர்ந்த பாசிப் படலத்துக்கும் பாறைக்கும் இடைப்பட்ட இடம்தான் அதன் உலகம். பாசி காய்ந்தாலும் சாகும், நீர் தேங்கினாலும் சாகும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பூச்சி மேலே இருந்த மரங்களைக் கொன்றதும் வெயில் உள்ளே விழுந்தது, பாசி காய்ந்தது. 1995-இல் அந்தச் சிலந்தியை அழியும் நிலையிலுள்ள உயிராக அந்நாட்டு அரசு அறிவித்தது. அந்தப் பூச்சி சிலந்தியைத் தொடவே இல்லை, அதன் கூரையைத்தான் பிரித்தது.

மத்திய ஐரோப்பாவில் பாறைச் சரிவுகள் இதே வேலையைச் செய்கின்றன. குளிர்காலத்தில் கற்குவியலின் இடுக்குகளில் இறங்கும் குளிர்காற்று உள்ளே பனிக்கட்டியை உறையவைக்கும். கோடையில் குவியலின் அடிப்பக்கத்தில் கை வைத்தால் சில்லென்ற காற்று வரும். உயரம் அதிகமில்லாத குன்றுகளில்கூட வடதேசத்துச் சிலந்திகள் அங்கே தங்கிவிட்டன.

நம் சோலைக்காடும் இப்படி ஒரு மூலைதான். மார்கழி, தை இரவுகளில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்க, பள்ளத்துச் சோலைக்குள் ஈரமும் குளிர்ச்சியும் ஒரே சீராக இருக்கும். அந்தச் சீர்தான் உயிர்களுக்கு முக்கியம். ஆனால் காடு என்றால் மரம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். நீலகிரிப் புல்வெளிகளில் சீகையையும் கற்பூர மரத்தையும் நட்டோம். டார்ஜிலிங்கில் பழைய காடுகள் இருந்த இடத்தில் ஜப்பானிலிருந்து வந்த தூப்பி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்க்கப் பச்சைதான். கீழே இருந்த பழைய சருகும் பாசியும் நிழலும் அப்படியே இல்லை. இது பெரும் தவறு என்றே சொல்வேன்.

வெப்பம் ஒரு டிகிரி கூடினால், பழைய குளிரைத் தேடி ஓர் உயிர் ஏறத்தாழ 150 மீட்டர் மேலே போக வேண்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதற்கு மேல் ஏற நீலகிரியில் மலை இல்லை.

கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் சிலந்திகளை ஆராய்ந்த கிரேவ்லி, 1920-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைமையேற்க வந்தார். தென்னிந்தியச் சிலந்திகளைப் பற்றி இங்கிருந்தே எழுதினார். அந்த வேலையை நம் கல்லூரி மாணவர்கள் இப்போது கையில் எடுக்க வேண்டும். சோலைச் சருகைச் சலித்துப் பார்த்து, கிடைப்பதைக் கொல்கத்தாக் குப்பிகளோடும் மரபணுவோடும் ஒப்பிட வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் டார்ஜிலிங்குக்கும் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாறையில் படர்ந்த பாசியைப் பெயர்க்காதீர்கள், புரட்டிய கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு வாருங்கள்.